மண் போடாத குழாய்

களிமண் இருக்கிறதே, அது மகா கஞ்சன். உரமாகப் போட்ட பாஸ்பரஸ் என்கிற மணிச்சத்தையெல்லாம் விழுங்கிவிட்டுப் பயிருக்குக் கையை விரிக்கும். மண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் தங்கைக்கு இது தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் அண்ணன் தன் வயல் மண்ணைப் பையில் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“செங்கல் சூளைக்காரர் வயலைக் கேட்டுக்கிட்டே இருக்கார் பாப்பா. மண்ணுல சத்து இருந்தா விதைக்கிறேன். இல்லன்னா குடுத்துட்டு வேற பிழைப்பைப் பார்க்கிறேன்.”

ஒரே மண்ணை அடுத்தடுத்து வெவ்வேறு கரைசலில் குலுக்க வேண்டும். முதலில் உப்புக் கரைசல். அதில் வருவது பயிருக்கு உடனே கிடைக்கும் சத்து. பிறகு காஸ்டிக் சோடா. அதில் வருவது மண்ணிலுள்ள இரும்பு கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பது, பயிர் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. வடித்த நீரில் மருந்து விட்டால், சத்துள்ள குழாய் நீலமாகும்.

முதல் குழாயே நீலமானது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மண் போடாத குழாய் ஒன்றையும் கூடவே வைத்துச் சரிபார்ப்பது அந்த வேலையில் பாலபாடம். அன்றைக்கு அது யாருக்கு வேண்டும்! போனை எடுத்துவிட்டாள்.

“அண்ணா, இருக்கு! தாராளமா விதை.”

அண்ணன் சூளைக்காரரை வாசலோடு அனுப்பினான். அவரும் வேறு வயலைப் பார்த்துக்கொண்டார்.

சில வாரம் கழித்து, வேறு யாருடைய மண்ணுக்கோ அவள் ஒழுங்காகச் சரிபார்த்தாள். மண்ணே போடாத குழாய் நீலமாகி நின்றது. அட கடவுளே! குழாய் கழுவப் புதிதாக வாங்கிய சோப்புத்தூளிலேயே மணிச்சத்து இருந்திருக்கிறது. குழாய்களை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, அண்ணன் மண்ணில் மிச்சமிருந்ததை மறுபடி குலுக்கினாள். முதல் குழாய் வெறும் தண்ணீராகவே இருந்தது. காஸ்டிக் சோடாக் குழாய் மட்டும் மை மாதிரி நீலம். அண்ணன் வருஷக்கணக்காகக் கொட்டிய உரமெல்லாம் அதில்தான் இருந்தது.

போன் செய்தாள். அவள் வாய் திறக்குமுன் அண்ணனே ஆரம்பித்தான்.

“நல்லாத்தான் முளைச்சுது பாப்பா. இப்ப வளரவே மாட்டேங்குது, இலையெல்லாம் ஊதாவா மாறுது. மணிச்சத்து இல்லன்னாதான் இப்படி வரும். நீதான் இருக்குன்னு சொல்லிட்டியே! அதான், ஏதோ நோய்னு மருந்தடிச்சுட்டு இருக்கேன்.”

“அண்ணா…” என்றாள்.

“சொல்லு பாப்பா, எந்த மருந்து அடிச்சா கேட்கும்?”