மாதிரிப் படம்

"உன் முதுகு வித்துப்போச்சுடி!"

"ஏன், முகம் விலை போகலையாமா?"

"முகம் தெரிஞ்சா அது நீ மட்டும்தான். தெரியலைன்னா யாரா வேணா இருக்கலாம்ல? அதைத்தான் கம்பெனிக்காரன் கேக்குறான்."

"அப்போ இனிமே நான் யாரோவா?"

"எனக்கு நீ. ஊருக்கு யாரோ."

கல்யாணமான புதிதில் நடந்த பேச்சு இது. அன்று இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஈரக் கூந்தலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தபோது, போட்டோகிராபரான கணவன் பின்னாலிருந்து எடுத்த படம். செய்தித் தளங்களுக்குப் படம் கொடுக்கும் நிறுவனம் ஒன்று அதை வாங்கிக்கொண்டது. ஷாம்பு விளம்பரத்தில் வரப்போகிறோம் என்று அவள் பாட்டுக்கு மனக்கோட்டை கட்டினாள்.

ஷாம்புக்காரன் யாரும் வரவில்லை. அவள் இணையத்தில் சாகத் தொடங்கினாள்.

'ஜன்னலோரம் நின்ற மனைவி... கணவன் செய்த காரியம்!' 'அழகே ஆபத்தானதா? இளம்பெண்ணின் விபரீத முடிவு!' ஒவ்வொன்றின் கீழும் அதே முதுகு. சற்றே இறங்கிய அதே இடது தோள். பிடரியில் அதே மச்சம். ஓரத்தில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினால் மட்டும் தெரியும் எழுத்தில், 'மாதிரிப் படம்'.

அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள். முதலில் அங்கே இது ஒரு கூத்தாகத்தான் இருந்தது. நர்ஸ் பெண் காலையில் கையுறையை மாட்டிக்கொண்டே செய்தி வாசிப்பாள்.

"அக்கா, இன்னைக்கு நீங்க ஓடிப்போயிட்டீங்க."

"யாரோடடி?"

"அதைப் போடலையே. மர்ம நபராம்."

"ஆள் பாக்க லட்சணமா இருந்தா சரி. டாக்டர்கிட்ட அரை நாள் லீவு சொல்லிடு."

சிரிப்பதெல்லாம் அங்கே. வீட்டில் தனியாக இருக்கும்போது அந்தச் செய்திகளைக் கடைசி வரி வரை படிப்பாள். எந்த ஊர், என்ன பெயர், ஏன், எப்படி, ஒன்றும் இருக்காது. 'விசாரணை நடந்து வருகிறது' என்று முடிந்துவிடும். விசாரணை என்ன ஆயிற்று என்று மறுநாள் தேடுவாள். மறுநாள் வேறொருத்தி அவள் முதுகோடு வந்து நிற்பாள். நாளாக ஆக, அந்த ஜன்னல் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். அங்கே ஏற்கெனவே ஒருத்தி நிற்பதுபோல இருந்தது. திரை அசைந்தால் கழுத்துக்குப் பின்னால் சில்லென்றது. மருத்துவமனையிலும் நாற்காலியை இழுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

கணவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். படம் எடுத்தவர் எழுதிக் கேட்டால் நிறுவனம் நீக்கிவிடும். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவருக்கு வெளியுலகில் பேர் சொல்லும்படி வாய்த்த ஒரே படம் அது. ஸ்டுடியோவில் பெரிதாக மாட்டி வைத்திருந்தார். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்களிடம்கூட, "நெட்ல பாத்திருப்பீங்களே, நம்ம படம்தான்" என்பார். கீழே இருக்கும் செய்தியை அவர் படிப்பதே இல்லை. அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் வாய் வரை வந்த வார்த்தையை அவள் விழுங்கிக்கொண்டாள். வருஷக்கணக்காக விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று பிற்பகல் கடைவாய்ப் பல் வலி என்று ஓர் அம்மா வந்திருந்தார். அவருடைய பழைய எக்ஸ்ரேயை எடுக்க அவள் அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

"கண்ணு, அப்படியே கொஞ்சம் நில்லு."

பூச்சி கீச்சி ஏதாவது தோளில் இருக்கிறதோ என்று நின்றாள். பின்னால் சத்தமே இல்லை. அவள் திரும்பியபோது அந்த அம்மா கையிலிருந்த போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நீதானேம்மா? இந்த மச்சம்..."

திரையில் அந்த முதுகு. மேலே, 'தனியாக இருந்த இளம்பெண்... கதவை உடைத்தவர்கள் கண்ட அதிர்ச்சிக் காட்சி!'

"இந்தச் செய்தியில செத்துப்போனது என் பொண்ணும்மா. பொறந்ததுலேர்ந்தே நெஞ்சுல கோளாறு. மாப்பிள்ளை வெளியூர் போயிருந்தப்போ தூக்கத்துலயே போயிட்டா. நைட்டியோட படுத்திருந்தா, அவ்வளவுதான். அதுல என்னம்மா அதிர்ச்சிக் காட்சி?"

அவள் எக்ஸ்ரே உறையை மேஜைமேல் வைத்தாள்.

"சொந்தக்காரங்க இன்னும் குசுகுசுன்னு பேசுறாங்க. 'அப்படி என்னதான் பாத்தீங்க, எங்ககிட்டயாவது சொல்லுங்க'ன்னு கேக்குறாங்க. மாப்பிள்ளையை ஒரு மாதிரி பாக்குறாங்க." அந்த அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "என் பொண்ணுக்கு முடி இவ்வளவு கிடையாது, கண்ணு. ஆனா அவளைப் பத்தின செய்தியாச்சேன்னு இதைத் திறந்து திறந்து, இப்போ கண்ணை மூடினா இந்த முதுகுதான் வருது. அவ முகம் வரமாட்டேங்குது."

டாக்டர் உள்ளே கூப்பிட்டார். அந்த அம்மா போகிற போக்கில் அவள் தோளை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேராக ஸ்டுடியோவுக்குப் போனாள். கணவன் கத்தரிக்கோலால் பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம்! அதிசயமா இருக்கே. குடும்பப் படமா, தனிப் படமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் அந்த முதுகு நின்றுகொண்டிருந்தது. இவ்வளவு கிட்டத்தில் அதைப் பார்த்து வெகுநாளாயிற்று.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே? டாக்டர் திட்டினாரா?"

"நான் ஒண்ணு கேட்டா குடுப்பீங்களா?"

"கேளேன். கடையைத் தவிர என்ன வேணா கேளு."

"கோவப்படக் கூடாது."

"சரி."

"வருத்தப்படவும் கூடாது."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். மனைவியின் பார்வை போன இடத்தை அவரும் பார்த்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது.

"செத்துப்போன பொண்ணுங்களுக்கெல்லாம் என்னை மாட்டி விடுறாங்க. இன்னைக்கு அதுல ஒருத்தியோட அம்மா வந்தாங்க." அவள் சுவரைக் காட்டினாள். "அந்தப் படத்தைத் திருப்பி வாங்கிடுங்க."