தூக்காத கை

21.1.1997, செவ்வாய். போன வாரக் குறிப்பில் ஒரு தவறு. "நேர மாற்றத்துக்கு யாருக்கும் மறுப்பில்லை" என்று எழுதியிருந்தேன். "யாரும் கை தூக்கவில்லை" என்பதுதான் சரி.

வகுப்புக் குறிப்பேட்டில் இவ்வளவையும் எழுதிய பிறகு ஹரிநாராயணனுக்கு அடுத்த வரி ஓடவில்லை.

பகலில் அவனுக்குப் பாளையங்கோட்டை வக்கீல் ஒருவரிடம் கேஸ் கட்டுத் தூக்கும் வேலை. மாலையில் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் படிப்பு. அந்த மாலை வகுப்புக்கு அவன்தான் தலைவன். வகுப்பு ஆறரைக்குத் தொடங்கும். நாலரை மணிக்கே வேலை முடிந்து வருகிற ஆண்கள் அதுவரை டீக்கடையில் காத்துக் கிடப்பார்கள்.

"ஏலே ஹரி, நேரத்த மாத்த வழியப் பாரு. வெள்ளிக்கிழமை டி.வி.ல பாட்டுப் பாத்து எத்தனை மாசம் ஆச்சு தெரியுமாலே?" என்று பாக்கியசீலன் நச்சரித்தான்.

ஹரி முறைப்படியே செய்தான். வாத்தியார் நேசையா முன்னிலையில் எழுந்து நின்று, "இனி வகுப்பு அஞ்சு மணிக்கு. சம்மதம் இல்லாதவங்க கை தூக்கலாம்" என்றான். ஒரு கையும் எழவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். கடைசிப் பெஞ்சில் இருந்த மஹ்மூதா பீவியும் எலிசபெத்தும் தலை குனிந்திருந்தார்கள். அதை அவன் கூச்சம் என்று எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு மஹ்மூதா பீவி வகுப்புக்கு வரவில்லை. இன்று வகுப்பு முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது, மேலப்பாளையம் பஸ்ஸிலிருந்து மூச்சு வாங்க இறங்கினாள். புகையிலை வாடை இன்னும் அவள் கையை விட்டுப் போகவில்லை.

"முடிஞ்சிட்டா அண்ணே?"

"முடிஞ்சிட்டும்மா. நீங்க கொஞ்சம் வெரசா வந்திருக்கலாம்லா?"

"பீடிக்கடையில சரக்கு எடுக்கதே அஞ்சரைக்குத்தான். சுத்துன பீடியக் குடுத்துட்டு, மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கணும். ஒரு நா விட்டா இலை கெடையாது. வாப்பா வேற படுத்த படுக்கையா கெடக்காவ. பத்தாவது பாஸ் பண்ணுனா பால்வாடில வேலைக்கு எழுதிப் போடலாம்னு இருந்தேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"அத்தனை ஆம்பளைய நடுவுல நான் ஒருத்தி கையத் தூக்கவா? நல்லா இருக்கே!" அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனைச் சுட்டது.

ஹரி உள்ளே ஓடினான். நேசையா பையை மாட்டிக்கொண்டிருந்தார். "மாத்தச் சொன்னது நீதானலே! ஆறரைக்கு இன்னொரு எடத்துல பாடம் எடுக்க ஒத்துக்கிட்டேன். இனி ஒண்ணும் செய்யதுக்கில்ல" என்று அவர் கையை விரித்துவிட்டார்.

வாசலில் நின்ற ஆண்களிடம் கேட்டான். வாரத்தில் இரண்டு நாளாவது அவளுக்காகப் பாடத்தைத் திரும்பச் சொல்லிக் கொடுப்போமா என்று கெஞ்சினான்.

"ஒருத்திக்காக நாங்க காத்துக் கெடக்கணுமாக்கும்? தலைவர் பதவி வந்ததும் வள்ளலாயிட்டீராவே?" என்று பாக்கியசீலன் சொல்ல, எல்லோரும் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார்கள்.

அவன் அவளிடம் திரும்பி வந்தான். முகத்தைப் பார்த்தே அவள் புரிந்துகொண்டாள்.

"வருத்தப்படாதிய அண்ணே. கை தூக்குனவுகள எண்ண யாருக்கும் தெரியும். தூக்காதவ ஏன் தூக்கலன்னு பக்கத்துல வந்து கேக்கதுக்குத்தான் தலைவர் வேணும். எனக்கு இனி தோதுப்படாது. எலிசபெத்தையாவது பாத்துக்கிடுங்க."

மேலப்பாளையம் பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை.

பேசாமல் இருப்பவரின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறவன் கூட்டத்துக்குத் தலைவனாக இருக்கலாம். நியாயத்துக்குத் தலைவன் ஆக மாட்டான். இது ஹரிக்கு விளங்கியபோது, அதனால் பயன்பெற வேண்டியவள் வகுப்பில் இல்லை. தன்னைவிட யாராவது இந்தப் பொறுப்பை நன்றாகச் செய்திருப்பார்களோ என்ற சந்தேகமும் அவனை விடவில்லை.

கடைசியில் பேனாவை எடுத்து ஒரே வரி எழுதினான்.

நாளை: வகுப்பு தொடங்கும் முன்பே போய், இந்த நேரம் ஒத்து வருகிறதா என்று எலிசபெத்திடம் தனியாகக் கேட்க வேண்டும்.