பொன்னம்மாவின் குரல்

“பேசாம இருங்கோடி, பொன்னம்மா வந்தாச்சு” என்றாள் ராஜலக்ஷ்மி.

மாதுங்காவில் அந்த மூன்று மாடிக் கட்டடத்துப் பெண்களுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் என்றால் அதுதான். மதராஸிலிருந்து ரயிலில் வரும் வாரப் பத்திரிகையை எல்லாருமாகச் சேர்ந்து வாங்குவார்கள். ராஜலக்ஷ்மி உரக்க வாசிப்பாள். யுத்தகாலக் காகிதத் தட்டுப்பாட்டில் பத்திரிகை அப்பளமாக மெலிந்திருந்தது. ஆனாலும் கடைசிப் பக்கத்து ஹாஸ்யத் தொடரின் நாயகி பொன்னம்மாவுக்கு இடம் இருந்தது. ரேஷன் கடையில் சண்டை போடுவாள், புருஷனின் மேலதிகாரிக்கு உப்பில்லாத உப்புமா போடுவாள். வாரா வாரம் ஓர் அசட்டுத்தனம்.

அந்தப் பொன்னம்மாவுக்கு ராஜலக்ஷ்மி ஒரு குரல் வைத்திருந்தாள். மூக்கால் இழுத்து, எதற்கெடுத்தாலும் ஓர் ‘ஆக்கும்’ போட்டு.

“நான் சொன்னதாக்கும், அவர் கேக்கலையாக்கும்!”

கூடம் அதிரும். எல்லாரையும்விடப் பலமாகச் சிரிப்பவள் எதிர்வீட்டு நாகலக்ஷ்மி. பாலக்காட்டுக்காரி. வீட்டில் பேசுவது தமிழ். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்து தெரியாது.

“எங்காத்துப் பேச்சை அப்படியே அச்சிலே போட்டிருக்கானே! எழுதறவன் எங்க ஊர்க்காரனாக்கும், கேட்டேளா?” என்பாள்.

அவளை யாரும் திருத்தவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ராஜலக்ஷ்மிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. செம்பூரிலிருந்து வந்திருந்த அவள் நாத்தனார் ருக்கு, “நான் வாசிக்கறேன் மன்னி” என்று பத்திரிகையை எடுத்தாள். அதைத் திரும்ப வாங்க ராஜலக்ஷ்மி கையை நீட்டினாள். அதற்குள் ருக்கு ரயில் டைம்டேபிள் படிப்பதுபோல் ஆரம்பித்துவிட்டாள்.

“‘ஏன்னா, மண்ணெண்ணெய் வாங்கிண்டு வந்தேளா?’ என்றாள் பொன்னம்மா...”

“ஆக்கும் எங்கே?” என்றாள் நாகலக்ஷ்மி.

“என்ன ஆக்கும்?”

“பொன்னம்மா பேசினா வருமே. நீ விட்டுட்டுப் போறாய். நன்னாப் பாரு.”

“இதிலே எங்கேயும் இல்லையே, மாமி. போன வாரத்ததும் நான் படிச்சேனே. பொன்னம்மா எல்லாரையும் மாதிரிதான் பேசறா.”

ஒருத்தி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாகலக்ஷ்மி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் ராஜலக்ஷ்மியை.

“அப்போ, அது நானாக்கும்?”

தன் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். “அடுப்பிலே பால் வெச்சிருக்கேன்” என்று எழுந்து போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. ராஜலக்ஷ்மி பத்திரிகையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். நாகலக்ஷ்மி உட்காரச் சொன்னாள். காப்பியும் கொடுத்தாள்.

“வேணும்னு பண்ணலைடி நாகு. மொத நாள் விளையாட்டா வந்தது. எல்லாரும் சிரிச்சா. நீயும் சிரிச்சே.”

“சிரிச்சேன். அதுதான்” என்றாள் நாகலக்ஷ்மி. “எங்காத்துக்காரர்கிட்டே வேற சொன்னேன். மதராஸ் பத்திரிகையிலே நம்ம பேச்சு வரதுன்னு. அவருக்குப் பெருமை தாங்கலை. ஆபீஸ் பூராச் சொல்லியிருக்கார். இப்போ அவர்கிட்டே என்ன சொல்லட்டும்?”

ஒரு ‘ஆக்கும்’கூட இல்லை. ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி வைத்துப் பேசினாள். ராஜலக்ஷ்மி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“இந்த வாரத்ததை வாசிக்கட்டுமா? சாதாரணமா, என் குரல்லேயே?”

“வாசி.”

ராஜலக்ஷ்மி கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். “‘நான் அப்பவே சொன்னேனே...’” இரண்டாவது வார்த்தைக்குள் குரல் இழுத்துக்கொண்டு மூக்குக்கு ஏறிவிட்டது. நிறுத்தினாள். திரும்ப ஆரம்பித்தாள். திரும்பவும் அதே இழுப்பு.

“வேற மாதிரி வாசியேன்” என்றாள் நாகலக்ஷ்மி, மெதுவாக.

“வரலைடி” என்றாள் ராஜலக்ஷ்மி. பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்த முடியவில்லை.