கேட்டதற்கு மட்டும் பதில்

விழுப்புரத்தில் அந்த லேபர் ஆபீசில் பத்தரை மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டாகியும் உள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை. வராந்தாவின் ஒரு கோடியில் ராயப்பன் சுவரில் முதுகு படாமல் நேராக உட்கார்ந்திருந்தான். மேஸ்திரி பாண்டுரங்கன் எதிர்க்கடையிலிருந்து டீயும் மசால்வடையும் வாங்கிவந்து நீட்டினான்.

"வேணாங்க மேஸ்திரி. தபசு காலம், வெள்ளிக்கிழம. ஒருசந்தி இருக்கிறேன்."

"விடியலேர்ந்து பட்டினியாவா வந்திருக்கிற? உள்ள போய் மயக்கம் போட்டு வுழுந்து வைக்காத. முதலாளி உன்னத்தான் நம்பிக்கினு இருக்கிறாரு."

நம்பிக்கொண்டிருந்தது முதலாளி சக்கரபாணி மட்டுமல்ல. வராந்தாவின் இன்னொரு கோடியில் அஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. இல்லாத இடத்தை முந்தானையால் சுற்றி மூடியிருந்தாள். காலையில் திண்டிவனத்திலிருந்து எல்லாரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தார்கள். விக்கிரவாண்டி தாண்டும்போது பக்கத்து சீட்டுக்காரியிடம் அவள் சொன்னது ராயப்பன் காதில் விழுந்தது. "அந்தண்ணா வேதக்காரரு, மாதா கோயிலுக்குப் போறவரு. வாயில பொய் வராது. யாரு பக்கம் கூப்ட்டா இன்னா, நடந்தது நடந்ததுதானே."

நடந்தது இதுதான். திண்டிவனத்தில் நிலக்கடலை உடைத்துப் பருப்பெடுக்கும் சக்கரபாணியின் மல்லாட்டை மில்லில் எட்டு மணிக்குச் சங்கு ஊதினால்தான் மஸ்டர் நோட்டில் பேர் ஏற்றுவார்கள். ஆனால் பொம்பளை ஆட்கள் ஏழரைக்கே வந்துவிட வேண்டும். முந்தின நாள் மிஷினுக்கு அடியிலும் பெல்ட்டுக்கு அடியிலும் சிந்திக் கிடக்கும் பருப்பைப் பெருக்கி, மடியில் அள்ளிக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்ட வேண்டும். அதற்குக் கூலி கிடையாது. வாரக் கடைசியில் ஆளுக்கு அரைப்படி உடைசல் பருப்பு கொடுப்பார்கள். இது எந்த நோட்டிலும் ஏறாத வேலை. ஆனால் ஒரு நாள் வராமல் போனால் மறுநாள் கேட்டுக்குள் விடமாட்டார்கள்.

ராயப்பன் மிஷின் ஓட்டுகிறவன். தினமும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டுதான் லீவரைத் தள்ளுவான். போன ஐப்பசியில் ஒருநாள், சங்குக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தபோது பாண்டுரங்கன் ஓடிவந்தான். "லாரி வந்துடும், ஜல்தி ஓட்டு!" என்றான். ராயப்பன் சிலுவை போட்டுக்கொண்டான், லீவரைத் தள்ளினான். குனிந்து பார்க்கவில்லை. பெல்ட்டுக்கு அடியில் அஞ்சம்மாள் இருந்தாள்.

அவள் திருடுவதற்காகத் திருட்டுத்தனமாக உள்ளே புகுந்தாள் என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார். ஏழரை மணிப் பெருக்கல் என்று ஒன்று மில்லில் கிடையவே கிடையாது என்றான் மேஸ்திரி. கூடப் பெருக்கிய பெண்களுக்கு வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஒருத்தியும் சாட்சிக்கு வரவில்லை. அஞ்சம்மாளுக்கு நஷ்டஈடு வருவதும் அவள் பேரில் திருட்டுப் பட்டம் ஒட்டுவதும் ராயப்பன் ஒருவன் வாயில் இருந்தது.

ஒரு மாதத்துக்கு முன்னால் சங்கத்துக்காரர் நடராசன் ராயப்பன் வீடு தேடி வந்தார். தோளில் கிடந்த சிவப்புத் துண்டைப் பார்த்ததும் ராயப்பன் தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று எட்டிப் பார்த்தான். சிவப்புக் கொடி பறக்கும் வீட்டில் சர்வேசுரன் தங்கமாட்டார் என்று சின்ன வயதில் கேட்ட பிரசங்கம் இன்னும் அவன் காதை விட்டுப் போகவில்லை. ஏழு வருஷமாகச் சங்கத்தில் அவன் பேர் கொடுக்காததற்கு அதுதான் காரணம். உலகத்தை அவன் ஒரு ஏணியாகத்தான் பார்த்தான். மேலே சர்வேசுரன், அப்புறம் ரோமாபுரியில் இருக்கும் பாப்பானவர், ஆயர், பங்குச் சாமியார். இந்தப் பக்கம் கலெக்டர், முதலாளி, மேஸ்திரி. அதில் தன் படி எது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். கீழேயிருந்து எண்ணினால் சீக்கிரமே வந்துவிடும்.

"ஒரே ஒரு வரிதான் ராயப்பா," என்றார் நடராசன். "சங்கு ஊதின பொறவுதான் அடிபட்டுச்சுன்னு சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன்."

"சங்கு ஊதலையேங்க."

"ஊதலன்னு எனக்கும் தெரியும்யா. ஊதிச்சுன்னா கேஸு நிக்கும். ஊதலன்னா அந்தப் பொம்பளைய நடுத்தெருவுல வுட்டுடுவான்."

"பொய்ச்சாட்சி சாவான பாவங்க. சாமி குடுத்த பத்துக் கற்பனையில எட்டாவது."

"அவன் பண்ற அக்கிரமத்துக்கு எத்தனாவது கற்பனை?"

"அத அவரு சாமிகிட்ட அவரு பதில் சொல்லிக்குவாரு. எனக்கு வைக்கற கேள்விக்கு நான் சொல்லணும்."

நடராசன் எழுந்த வேகத்தில் குடிக்காத தண்ணீர்ச் சொம்பு உருண்டது. அவர் போனபிறகு ராயப்பனின் மனைவி மதலேன் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "சங்குப் பேச்ச வுடு. நடந்தத நடந்தபடி சொன்னா ஆவாதா? அந்தப் பொண்ணு எதுக்கு அங்க குனிஞ்சான்னு ஊருக்கே தெரியும்."

"கேட்டா சொல்லமாட்டனா?" என்றான் ராயப்பன். அந்த நிமிஷத்தில் அவன் முழு மனதோடுதான் சொன்னான்.

நடராசன் வந்துபோன செய்தி முதலாளிக்குப் போனது. ராயப்பனைக் கூப்பிட்டு, "நீ பொய் சொல்லமாட்டியாமே. எனக்கும் உண்மை போதும்பா," என்று முதுகில் தட்டிக்கொடுத்துத் தன் சாட்சியாகப் பேர் எழுதிக்கொண்டார். முதலாளி தொட்டுப் பேசியது அவனுக்கு இரண்டு நாள் பெருமையாகக்கூட இருந்தது.

ஒருவழியாகப் பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். அறையில் ஆபீசர், டைப் அடிக்கிற குமாஸ்தா, முதலாளியின் வக்கீல், நடராசன், ஓரமாக அஞ்சம்மாள். ராயப்பன் சட்டைக்குள்ளிருந்து ஜெபமாலையை எடுத்து, அதன் சிலுவையில் இருந்த பாடுபட்ட சுரூபத்தை முத்தி செய்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். ஞானோபதேச வகுப்பில் நிற்பதைப் போலவே நின்றான். அங்கே ஒன்பது வயதில் உபதேசியார், "சர்வேசுரன் எங்கே இருக்கிறார்?" என்று கேட்க, "எங்கும் இருக்கிறார், எங்க வூட்டு மாட்டுக்கொட்டாயிலகூட," என்று அவன் சொல்லிவிட்டான். முழங்காலுக்குக் கீழே புளியமிளாறு விழுந்தது. கேட்ட கேள்விக்கு உள்ள பதிலை மட்டும் சொல்ல வேண்டும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டான். அதற்குப் பிறகு வாழ்நாளில் யாரும் அவனை அடிக்க வேண்டியிருக்கவில்லை.

"அஞ்சம்மாளுக்கு அடிபட்டப்போ சங்கு ஊதியாச்சா?" என்றார் வக்கீல்.

"ஊதலைங்க."

"மஸ்டர்ல அவங்க பேரு ஏறியிருந்துச்சா?"

"ஏறலைங்க."

"நீதான் அவங்கள வெளிய தூக்கினியாமே. மடியில இன்னா இருந்துச்சு?"

ராயப்பனுக்கு அந்த மடி கண்முன் வந்தது. பருப்பெல்லாம் சிவப்பாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"மல்லாட்டைங்க."

"யாரோட மல்லாட்டை?"

"மில்லோடதுங்க."

"போதும் சார்," என்று வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

ஆபீசர் நடராசனைப் பார்த்து, "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றார். நடராசன் முகம் கறுத்துக் கிடந்தது. "முதலாளியோட சாட்சி சார் இவரு. நான் வாயத் தொறந்தா இன்னும் நாலு ஆப்புதான் வரும். ஒண்ணும் வேணாம்," என்றார்.

ராயப்பன் கட்டின கையோடு நின்றுகொண்டே இருந்தான். அவனிடம் பதில்கள் வரிசையாக இருந்தன. எதுக்குக் குனிஞ்சாங்க? பெருக்கறதுக்குங்க. யாரு சொல்லி? மேஸ்திரி சொல்லிங்க. என்னிக்காவது ஒருநாளா? தினமுங்க. சங்குக்கு முன்னாடி மிஷினை ஓட்டினது யாரு? நான்தாங்க. கடைசிப் பதில் வரும்போது நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. யாராவது முதல் கேள்வியைக் கேட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. குமாஸ்தா காகிதத்தைத் தள்ளி, "இங்க கையெழுத்துப் போடு," என்றான். போட்டான். போட்டு முடித்ததும் உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்படி இறங்கியதற்காக அவன் பிற்பாடு மிகவும் வெட்கப்பட்டான்.

வெளியே வேப்பமரத்தடியில் அஞ்சம்மாள் அவன் வழியில் வந்து நின்றாள். அவள் சண்டை போட்டிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நீ சொன்னதுல ஒண்ணுகூட பொய் இல்லண்ணா," என்றாள். "ஆனா பெருக்கத்தான் குனிஞ்சேன்னு நீ ஏன் சொல்லல?"

"கேக்கலம்மா."

"கேக்கலையா?"

"அவங்க கேக்கல."

அவள் நழுவிய முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். "உன்ன ஒருத்தர் கேக்கணுமா?" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். பாண்டுரங்கன் மறுபடியும் டீ வாங்கி நீட்டினான். மத்தியானம் தாண்டிவிட்டது, ஒருசந்தி விடலாம்தான். ராயப்பன் டம்ளரை வாங்கி வேப்பமரத்தடியிலேயே வைத்துவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். பெரிய வாரம் நெருங்கிவிட்டதால் கோயிலில் நீண்ட வரிசை. முழங்காலில் இருந்தபடியே நகர்ந்து நகர்ந்து பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வந்து சேர ஒரு மணி நேரமாயிற்று. எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தான். தடுப்புப் பலகையின் சின்னத் துளைகள் வழியாகச் சாமியாரின் களைத்த குரல் கேட்டது.

"பூசை தவறினியா?"

"இல்ல சாமி."

"குடிச்சியா? சண்டை போட்டியா?"

"இல்ல சாமி."

"பொய் சொன்னியா?"

ராயப்பன் மூச்சை இழுத்து, "சொல்லல சாமி," என்றான்.

"வேற?"

அந்த 'வேற' என்பதற்குப் பின்னால் ஒரு நொடி இருந்தது. அதில் மல்லாட்டையும் லீவரும் வேப்பமரமும் சேர்ந்து முட்டிக்கொண்டு வந்தன. எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள். சாமியார் அபராதமாக ஐந்து அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லி, பாவ மன்னிப்பு ஆசீர்வாதத்தையும் சொல்லி முடித்துவிட்டார். ஐந்து மந்திரத்தை ராயப்பன் ஐம்பது தடவை சொன்னான். வீட்டுக்கு வந்து மதலேனிடம், "அங்கயும் கேட்டதுக்குத்தான் சொன்னேன்டி," என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் அவன் தலையைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டாள்.

பாஸ்குப் பண்டிகை முடிந்த மூன்றாம் நாள் தீர்ப்பு வந்தது. அஞ்சம்மாள் வேலைநேரத்தில் இல்லை, அனுமதியில்லாமல் உள்ளே வந்திருக்கிறாள், நஷ்டஈடு கிடையாது. அன்றைக்கே முதலாளி ராயப்பனைக் கூப்பிட்டார்.

"மில்லுல திருட்டு இருக்குதுன்னு சர்க்காரு காகிதத்துலயே வந்துடுச்சு. இனிமே வெளிய போற பொம்பளைங்க எல்லாரும் கேட்டுல மடிய ஒதறிக் காட்டிட்டுப் போவணும். அரைப்படி உடைசலும் நிறுத்தியாச்சு. கேட்டுல நிக்கறதுக்கு உன்னைவிட யோக்கியன் எனக்கு யாரு கெடைப்பான்? மிஷின வேற ஆளு பாத்துக்குவான்."

ராயப்பன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். முதலாளி அதற்குள் போனை எடுத்துவிட்டார். "சரிங்க," என்று மட்டும் வந்தது.

மறுநாள் முதல் கேட்டில் நின்றான். முதலாளி வாங்கிக்கொடுத்த காக்கிச் சட்டை அக்குளில் பிடித்தது. சங்குக்கு முன் பெருக்கும் வேலை நிற்கவில்லை. ஏழரைக்கு விளக்குமாறோடு பெண்கள் அவனைத் தாண்டி உள்ளே போனார்கள். ஒருத்தியும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாவது நாள் கடைசி ஆளாக அஞ்சம்மாள் வந்தாள். மேஸ்திரி காலில் விழுந்து கேட்டிருக்கிறாள். ஒரு கையால் பருப்புப் பொறுக்கி எடுத்து வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது, அதனால் பெருக்க மட்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். உடைசல் கிடையாது. எப்போதாவது இடம் காலியானால் பார்க்கலாமாம்.

எட்டு மணிக்குச் சங்கு ஊதியது. மற்றவர்கள் மஸ்டர் கொடுக்க ஷெட் பக்கம் ஓடினார்கள். பேர் இல்லாத அஞ்சம்மாள் மட்டும் திரும்பிக் கேட்டுக்கு வந்தாள். தலையெல்லாம் மல்லாட்டைத் தூசி. அவன் ஒதுங்கி வழிவிட்டான். அவள் போகவில்லை.

"போம்மா," என்றான்.

"மேஸ்திரி பாக்கறாரு. அப்பால என் மேல சொல்லுவாங்க."

இடது கையால் மடியை இடுப்பிலிருந்து உருவினாள். ஒரு கையால் அதை விரித்து உதற முடியவில்லை. துணி சுருண்டு சுருண்டு விழுந்தது. இரண்டு தடவை முயற்சி செய்துவிட்டு ஒரு முனையை அவனிடம் நீட்டினாள்.

"அந்தப் பக்கம் புடிண்ணா."

ராயப்பன் பிடித்துக்கொண்டான். இருவரும் ஆளுக்கொரு முனையாகத் துணியை விரித்து உதறினார்கள். கொஞ்சம் தூசியும் இரண்டு வெறும் தொலியும் தரையில் விழுந்தன.

ஷெட்டிலிருந்து பாண்டுரங்கன் குரல் கொடுத்தான். "இன்னா ராயப்பா, எதனா இருக்குதா?"

"இல்லைங்க."

மேஸ்திரி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அஞ்சம்மாள் அவன் கையிலிருந்த முனையை வாங்கிப் பல்லில் கடித்துக்கொண்டு, மற்றதை இடது கையால் இடுப்பில் செருகியபடியே ரோட்டில் இறங்கி நடந்தாள்.