பூஜையில் வைத்த துப்பாக்கி

சிவசுப்ரமணியன் சாரைப் போல நொட்டை சொல்கிற மனிதரை நான் பார்த்ததில்லை. அவருடைய அப்பா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி அது. தோளில் வைக்கிற கட்டையில் பாலிஷ் போய் மரம் வெளுத்துக் கிடந்தது. மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீசில் லைசன்ஸ் புதுப்பிக்கக் கொண்டுபோகும்போது பளபளவென்று இருக்க வேண்டுமாம். பெண் பார்க்கவா வருகிறார்கள்?

கட்டையை மட்டும் கழற்றிக் கொடுத்திருந்தால் வம்பே இல்லை. திருகு துருவேறி அசையவில்லை. அதனால் முழுத் துப்பாக்கியோடு சிதம்பரத்திலிருந்து தினமும் காரில் செம்மண்டலத்துக்கு, மர பாலிஷ்காரனான என் வீட்டுக்கு வந்துபோனார். லைசன்ஸ் அவர் பெயரில் இருப்பதால் துப்பாக்கி அவர் கண்ணைவிட்டு நகரக் கூடாது. நான் உப்புத்தாள் தேய்க்க, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து என் உயிரை வாங்கினார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் கடைசிப் பூச்சு பூசினேன். மழை ஈரத்தில் அரக்கு காயவில்லை. தொட்டால் ரேகை பதிந்தது.

"இன்னிக்கு இங்கியே இருக்கட்டும் காத்தவராயா. நாளைக்கு வீட்ல பூஜை, முடிச்சிட்டு அடுத்த நாள் வந்து எடுத்துக்கறேன்."

"வேணாம் சார். யார்னா பாத்தா நான்தான் கம்பி எண்ணணும்."

"நான் எதுக்கு இருக்கேன்? ஏதாச்சும்னா ஒரு போன் போடு."

அந்தப் பேச்சை நம்பி உள்ளறையில் வைத்தேன். காற்றுப் பட வேண்டும் என்பதால் மூடி வைக்கவும் முடியவில்லை. பயந்துவிடுவாளே என்று, வெளியே தெரிந்தால் ஜெயில் என்பதை மட்டும் என் மனைவி ராஜாமணியிடம் சொல்லவில்லை. அங்கேதான் என் புத்தி கெட்டுப்போனது.

காலையில் பொரியும் பூசணிக்காயும் வாங்கிக்கொண்டு வந்தால், வாசற்கதவு விரியத் திறந்திருக்கிறது. நடுக்கூடத்தில் இழைப்புளி, பிரஷ், அரக்கு டப்பா எல்லாவற்றுக்கும் நடுவில் துப்பாக்கி. கட்டையில் சந்தனம், குங்குமம். குழலில் சாமந்தி மாலை. கற்பூரம் அணைந்து புகை சுற்றிக்கொண்டிருந்தது.

"ராகுகாலம் வந்துடும்னு நானே படைச்சிட்டேங்க."

"அடிப்பாவி, அத எடுடி மொதல்ல!"

"படைச்சத நாளைக்குத்தான் தொடணும். போன வருஷம் பிரஷ்ஷ பாதியில எடுத்துட்டு வேலைக்குப் போயி, மறுமாசமே சாரத்துலேர்ந்து வுழுந்தீங்களே, மறந்துடுச்சா?"

மறக்குமா? இன்றைக்கும் மழை வந்தால் முழங்கால் குடைகிறது. கதவையாவது சாத்தப் போனேன். நல்ல நாளில் கதவைச் சாத்தினால் லட்சுமி எப்படி வருவாள் என்று அதற்கும் மறித்தாள். பொரி வாங்க வந்த தெருச்சனம் ஒவ்வொருவராகத் துப்பாக்கியைக் கும்பிட்டுப் போனது. முதுகால் அதை மறைத்துக்கொண்டு நின்றேன். சொந்த வீட்டில் உட்காரவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை.

அப்போதுதான் எதிர்வீட்டு ஏட்டு பொன்னுரங்கம் உள்ளே வந்தார். நல்ல மனிதர்தான். ஆனாலும் போலீஸ்.

விபூதி எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். "என்னாய்யா இது?"

நாடகத்துக்கு உள்ளது என்று சொல்ல வாயெடுத்தேன். ராஜாமணி முந்திக்கொண்டாள்.

"நெஜத் துப்பாக்கிங்க! சிதம்பரத்து சாரோடது. இவர நம்பி வுட்டுட்டுப் போயிருக்காரு." அவ்வளவு பெருமை அவள் முகத்தில்.

ஏட்டு என்னைப் பார்த்தார். "அந்த ஆளுக்குப் போனப் போடு. லைசன்ஸோட உடனே வந்தார்னா, தப்பு அவரோடதுன்னு நானே எடுத்துச் சொல்றேன். ஸ்பீக்கர்ல போடு."

உயிர் திரும்பி வந்தது. நம்பரை அழுத்தினேன். எடுத்தவரிடம் ஏட்டே பேசினார்.

"போலீஸ் ஸ்டேஷன் ஏட்டு பேசறேன். உங்க துப்பாக்கி இங்க காத்தவராயன் வீட்ல இருக்கு."

அங்கே பூஜை மணியோசை கேட்டது. அதற்கு மேலே சாரின் குரல்.

"அடப்பாவி! அவனா எடுத்துட்டுப் போனான்? காலையிலேர்ந்து வீடு பூரா தேடிட்டிருக்கேன் சார். பாலிஷ் போடன்னு வந்துபோன ஆளு சார் அவன். வுட்றாதீங்க."

போன் வைக்கப்பட்டது. திரும்பவும் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அணைத்துவிட்டிருந்தார்.

ஏட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "சட்டையப் போட்டுக்கப்பா."

ராஜாமணி பொரித்தட்டோடு நின்றிருந்தாள். நான் கேட்டதைத்தான் அவளும் கேட்டிருந்தாள், ஒரு வார்த்தை விடாமல். ஆனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"என்னாங்க சொன்னாரு? வராராமா?"