ஒன்றுபோல் இருக்கும் படங்கள்

எங்கள் வீட்டுக் கணினிக்கு என்னென்ன மென்பொருள் போடுவது என்று முடிவு செய்ய எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. நான் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கயிறு அறுந்தால் இன்னொன்று, எல்லாமே போனாலும் பிரேக் என்று யோசித்தே பழகியவன். எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப மாட்டேன். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

கணினியை ஆன் செய்தால் திரை வருவதற்குள் குளித்துவிட்டே வந்துவிடலாம். இது ஒருநாள் மொத்தமாகப் படுத்துவிட்டால் அதிலிருக்கும் படங்கள் என்னாகும் என்று என் மனைவி நாள் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்களுக்கு இரட்டைப் பெண்கள். பதினொரு நிமிடம் முந்திப் பிறந்தவள் பெரியவள், மற்றவள் சின்னவள். பெரியவள் ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டு வருடம் ஆகிறது. சின்னவள் இப்போது அவளைவிட இரண்டு வயது மூத்தவள். வேலையிலிருந்து வந்ததும் மனைவி கைப்பையைக்கூட இறக்காமல் பெரியவளின் படங்களைத்தான் பார்ப்பாள். பழைய கேமராவில் எடுத்தவை, வேறெங்கும் கிடையாது.

"என்ன வேணா பண்ணுங்க. அவ படத்துக்கு மட்டும் ஒண்ணும் ஆகக் கூடாது," என்றாள்.

"அதுக்குத்தானே இத்தனை பாடு?"

"ஓசியில கிடைக்கிறதாப் பார்த்துப் போடறீங்களே, அதான் பயமா இருக்கு."

ஓசியிலும் நல்லது கெட்டது உண்டு என்று அவளுக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். ஒரு மென்பொருள், போட்டதுமே ஆயிரத்து நானூறு பிழைகள் என்று அலறியது. தூக்கி எறிந்தேன். இன்னொன்று கூப்பிடாத விருந்தாளியாக நாலு விளம்பரத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. அதையும் துரத்தினேன். பலரும் வருடக்கணக்கில் பயன்படுத்துவது, நம் விவரத்தை எங்கும் அனுப்பாதது என்று சலித்தெடுத்து நான்கை வைத்துக்கொண்டேன். வைரஸைப் பிடிக்க ஒன்று. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் படங்களைக் கண்டுபிடித்து நீக்க ஒன்று. நீக்கியதை எந்தத் திருடனும் தோண்டி எடுக்க முடியாதபடி அழிக்க ஒன்று. மிஞ்சியதைப் புதிதாக வாங்கிய வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுக்க ஒன்று. குப்பையை எதற்கு நகலெடுப்பது, முதலில் கூட்டிப் பெருக்கிவிடுவோம் என்று நானே வரிசையும் போட்டேன்.

நாலாவது ஞாயிறு காலை உட்கார்ந்தேன். ஒன்றுபோல் இருக்கும் படங்கள் முந்நூற்றுச் சொச்சம் ஜோடி என்று வந்தது. ஒரே படத்தை இரண்டு தடவை ஏற்றியிருக்கிறோம் போல என்று சிரித்துக்கொண்டேன். ஜோடியில் எதை வைத்துக்கொள்வது, பழையதையா புதியதையா என்று கேட்டது. புதியதை என்றேன். நீக்குவதற்கு முன் ஒவ்வொன்றாகப் பார்க்கிறீர்களா என்றும் கேட்டது. முந்நூறையும் எவன் பார்ப்பான் என்று வேண்டாம் என்றேன். லிஃப்டில் ஒரு திருகாணியைக்கூட நான் அப்படி விட்டதில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் அழிப்பதும் நகலெடுப்பதும் முடிந்து, கணினி சிட்டாய்ப் பறந்தது.

"பாரு, எப்படி ஓடுது!" என்று மனைவியை உட்கார வைத்தேன். அவள் மவுஸை வேகமாக உருட்டினாள். பிறகு மெதுவாக. பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"பெரியவ எங்கங்க?"

"அங்கதான் இருப்பா. நல்லாப் பாரு."

"எல்லாம் சின்னவளா இருக்கே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைகளைச் சேர்த்து வைத்து நாங்கள் படமே எடுத்ததில்லை. அது மனைவியின் பிடிவாதம். நாளைக்கு ஆளுக்கொரு வீடாகப் போகும்போது ஆளுக்கொரு ஆல்பம் வேண்டும், ஒருத்தி படத்தில் இன்னொருத்தி பாதியாக ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பாள். ஒரே நாற்காலி, ஒரே மாதிரி கவுன், ஒரே ஜன்னல் வெளிச்சம். முதலில் பெரியவள் உட்காருவாள். அவள் இறங்கியதும் சின்னவள் ஏறுவாள். ஒருத்திக்கு ஒன்றுகூட அதிகமாக எடுத்ததில்லை. அரை நிமிடம் முந்தி எடுத்தது பழைய படம். பழையதைத்தான் நான் நீக்கச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, கணினியிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்கையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு, அழிந்ததை மீட்டுத் தரும் கடைக்கு ஓடினேன். கேமராவில் எதுவுமே இல்லை. கடைக்காரர் ஹார்ட் டிஸ்கை ஒரு மணி நேரம் நோண்டினார்.

"அழிக்கிறதுக்கு எதைப் போட்டீங்க சார்?"

பெயரைச் சொன்னேன்.

"நல்ல சாஃப்ட்வேர் சார். துளி மிச்சம் வைக்கல," என்று பாராட்டினார்.

சாயங்காலம் மனைவி வழக்கம்போல் கைப்பையோடு கணினி முன் உட்கார்ந்தாள். ஒன்றிரண்டாவது தப்பியிருக்காதா என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து திரையைச் சுட்டிக்காட்டினேன்.

"இது பெரியவதானே?"

"இல்ல."

"இது?"

"இல்லைங்க."

இருபது படம் கேட்டிருப்பேன். சின்னவள் எப்போது வந்து எங்கள் பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை. என் தோளில் கை வைத்தாள்.

"பாதியை அக்கான்னு வெச்சுக்கலாம்ப்பா," என்றாள். "உங்களுக்குத்தான் எங்க ரெண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாதே."

உண்மைதான். முதலில் வருபவள் பெரியவள் என்று வரிசையை வைத்தே அத்தனை வருடமும் சமாளித்தவன் நான். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். குழந்தை கிண்டல் செய்யவில்லை, எனக்கு உதவத்தான் சொன்னாள். வெட்கத்தில் எனக்கு உயிரே போயிற்று.

"எனக்குத் தெரியுமேடி," என்றாள் மனைவி.