சாம்பல் வேந்தனின் பதினோரு இருமல்

என் மருந்துக் கடையில் "இருமுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும்" என்று ஒரு பலகை தொங்குகிறது. எழுதி மாட்டியவள் நான். மீறுகிறவர்களை நான் முறைக்கிற முறைப்பிலேயே பாதி சளி இறங்கிவிடும். வீட்டிலும் ஒன்று மாட்டியிருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் பின்னணிக் குரல் கொடுப்பவர். லிஃப்டில் "கதவு மூடுகிறது" என்று சொல்லியே பாதி ஆயுசைக் கழித்தவருக்கு, ஒரு வீடியோ கேமில் சாம்பல் வேந்தன் என்ற வில்லனாகப் பேசும் யோகம் அடித்தது. ஒலிப்பதிவு நடந்த மூன்று நாளும் கடுமையான சளி. நான் கொடுத்த மருந்து தூக்கம் வரவைக்கும் என்று தொடவே இல்லை. வசனத்துக்கு நடுவில் பதினோரு இடத்தில் இருமி வைத்தார். திரும்பப் பதிவு செய்ய நேரமில்லாததால் டைரக்டரும் அப்படியே விட்டுவிட்டார்.

கேம் வெளியானது. ரசிகர்களுக்கு அந்த இருமல் போதுமானதாக இருந்தது. பிடிவாதப் பேய் என்ற புனைபெயரில் ஒருவர் இணையத்தில் நாற்பது பக்கம் எழுதித் தள்ளினார். வேந்தன் எரித்த ஊர்களின் சாம்பலெல்லாம் அவன் நுரையீரலில் படிந்திருக்கிறதாம். சாகப் போகிறவனாம். தனியாகப் போகப் பயந்துதான் ஊர் ஊராகக் கொளுத்துகிறானாம். அதைப் படித்தவர்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். அந்தக் கொலைகாரனுக்காக!

கம்பெனியும் உருகியது. வீட்டுக்காரருக்கு ஃபோன் வந்தது.

"சார், ரெண்டாம் பாகத்துல உங்களுக்கு அரை நாள் வேலைதான். முதல் காட்சியிலயே இருமி இருமிச் செத்துடுறீங்க."

அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மறுபடி லிஃப்டுக்குத்தான் போகவேண்டும். எனக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும்.

மாத்திரை என்று பெயர் வைத்துக்கொண்டு நானும் அந்த ரசிகர் கூட்டத்தில் புகுந்தேன். "தினமும் நூறு இருமல் கேட்பவள் சொல்கிறேன். இது நோயாளியின் இருமல் இல்லை. லீவு கேட்டு முதலாளிக்கு ஃபோன் செய்கிறவன் இருமுவானே, அந்த ஜாதி. வேந்தன் நடிக்கிறான். தான் செத்தால் யாரெல்லாம் சந்தோஷப்படுவார்கள் என்று நோட்டம் பார்க்கிறான்" என்று எழுதினேன்.

பச்சைப் பொய். அதைவிட நிஜமான இருமலை நான் கேட்டதில்லை. என் தூக்கத்தைக் கெடுத்த இருமலாயிற்றே.

மறுநாளே ரசிகர்கள் ஆதாரத்தோடு வந்துவிட்டார்கள். வேந்தன் இருமும் பதினோரு இடத்திலும் பின்னால் நிற்கும் தளபதி கிரீடத்தைத் திரும்பிப் பார்க்கிறானாம். "அந்தத் தளபதி பொம்மைக்குக் கம்பெனிக்காரங்க செஞ்சு வச்சதே அந்த ஒரு அசைவுதான்" என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். வாயை மூடச் சொன்னேன். பிடிவாதப் பேய் மட்டும் மூன்று நாள் என்னோடு மல்லுக்கு நின்றது. நான்காம் நாள், "மாத்திரை அக்கா சொல்றதுதான் சரி" என்று இறங்கி வந்தது.

கம்பெனி கதையையே மாற்றியது. வேந்தன் சாக மாட்டான். இரண்டாம் பாகம் முழுக்கப் பொய்யாக இருமி, துரோகிகளை ஒவ்வொருவராகப் பிடிப்பான். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்று ஆடினார்.

ஒலிப்பதிவுக்குப் போன முதல் நாள் தொங்கிய முகத்தோடு திரும்பினார்.

"என்னாச்சு?"

"என் இருமல் போலியா இருக்காம்."

"கதையே போலி இருமல்தானே?"

"அதையேதான் நானும் சொன்னேன். 'முதல் பாகத்துல போலி இருமல் எவ்வளவு நிஜமா இருந்துச்சு! வித்தியாசம் தெரிஞ்சா ரசிகர்கள் நம்மளைக் கிழிச்சுடுவாங்க'ங்கிறார் டைரக்டர். திங்கட்கிழமைக்குள்ள சரியா வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்களாம்."

ஐஸ் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தார். ஈரத் தலையோடு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தார். ஒரு தும்மல்கூட வரவில்லை. கல்லு மாதிரி திடமாக இருந்தார்.

சனிக்கிழமை மதியம் கடைக்கே வந்துவிட்டார். வரிசையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவர்களை ஒட்டி ஒட்டி நின்றார். அவர்கள் விலக விலக இவர் நெருங்கினார்.

"எல்லாத்துக்கும் மருந்து வச்சிருக்கியே, சளி பிடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார், பாவமாக.

அப்போது வரிசையின் முன்னால் நின்ற பெரியவருக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு இருமல் கிளம்பியது. பலகையைப் பார்த்தார், என் முறைப்புக்குப் பயந்து அவசரமாக முகத்தைத் திருப்பினார்.

"ஐயா, அந்தப் பக்கம் வேணாம்" என்றேன். "இவரைப் பார்த்து இருமுங்க."